வார்டில் யாரைப் பார்த்துக் கற்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரிகளில் முதலாமாண்டு தொடங்கும்போதெல்லாம் மூத்த மாணவர்களைப் பற்றி ராகிங் எச்சரிக்கை ஒன்றே வெளிவருகிறது. மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொலையுண்டதை அடுத்து, 1997-இல் தமிழக அரசு கொண்டுவந்த ராகிங் தடைச் சட்டத்தில் எள்ளளவும் தளர்வு கூடாது. ஆனால், மூத்தவரைக் கண்டு இளையவர் ஒதுங்கிப் போனால் போதும் என்று இருந்துவிட முடியாது.

சென்ற ஆண்டு என் மனைவிக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனையில் பதினோரு நாள் தங்கியிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதாட்டியிடம் வந்த பயிற்சி மருத்துவர் (இறுதித் தேர்வை முடித்து மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கும் மூத்த மாணவர்), “அப்பத்தா, வயித்தை அமுக்கிப் பாக்கட்டுமா?” என்று கேட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே தொட்டார். உடன் நின்ற மாணவி மறுநாள் தனியே வந்தபோது, அதே கேள்வியைக் கேட்டு, அதேபோலக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். அதே வார்டில் இன்னொரு பயிற்சி மருத்துவர், கருவியைக் கையில் எடுக்காமலேயே நான்கைந்து நோயாளிகளின் தாளில் இரத்த அழுத்தம் 120/80 என்று எழுதிக்கொண்டே போனார். அவருக்குப் பின்னாலும் இரண்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள்.

2019 முதல் நடப்பிலுள்ள பாடத்திட்டத்தில் அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் பாடமாகவே உள்ளன, நல்லதுதான். எனினும், பேராசிரியர் வார்டுக்கு வந்து போவது சிறிது நேரம். நாள் முழுவதும் மாணவர் கண்ணில் படுபவர் பயிற்சி மருத்துவரே.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, மருத்துவர் ஒருவரும் இல்லாத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் இப்படிப்பில் சேர்கிறார்கள். கல்லல் பக்கம் தமிழ்வழியில் படித்த என் மாணவன் ஒருவன், முதல் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் வாய் வராமல் நின்றுவிட்டான். அவனைப் போலவே தமிழ்வழியில் வந்த மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், இரவு உணவுக்குப் பின் விடுதி மெஸ்ஸிலேயே உட்கார்த்தி, கேள்வி கேட்டு விடை சொல்லப் பழக்கினார். அவர் கிடைத்தது அவன் நல்லூழ். அதை ஊழின் கையில் விடாமல், முதலாமாண்டு மாணவர் நால்வருக்கு ஒருவர் என்று மூத்த மாணவரை ஆசிரியர் மேற்பார்வையில் கல்லூரியே அமர்த்தலாம்.

சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகள் செட்டிநாட்டுக்கு அண்மையில் இருப்பவை. அவற்றின் முதல்வர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. மூத்தவர்களை மதிப்பெண் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காமல், வார்டு செவிலியர்களையும் கேளுங்கள். யார் கருவியை எடுத்து அளக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். முதுநிலை நீட் தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கும் மாணவர் தம் நேரத்தை இதற்குத் தருவதால், அந்தப் பணியை அவருடைய பயிற்சிப் பதிவேட்டில் குறித்துச் சான்றளியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
காரைக்குடி