குளிக்க இடமில்லாத ஊரில் சைக்கிள்

ஆசிரியருக்கு,

உலக சைக்கிள் தினத்தை (ஜூன் 3) ஒட்டி வெளியான தங்கள் தலையங்கம், அலுவலகத்துக்குச் சைக்கிளில் செல்ல மன உறுதிதான் வேண்டும் என்கிறது. உறுதிக்குக் குறைவில்லை, குளிக்கத்தான் இடமில்லை. சென்னை வெயிலில் மிதித்து வருபவர், நனைந்த சட்டையோடு மேலாளர் முன் உட்கார வேண்டியிருக்கிறது. நான் பணிபுரியும் கட்டடத்தில் கார்களுக்கு இரண்டு தளங்கள். சைக்கிளுக்கு ஜெனரேட்டர் ஓரம், அதுவும் காவலாளி மனம் வைத்தால்.

நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இலேயே ஏற்றது. ஆனால் பேச்செல்லாம் சாலையைப் பற்றியே. பயணம் முடியும் இடத்தை யாரும் நினைப்பதில்லை. புதிய அலுவலகக் கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தரும்போது, நிழலான சைக்கிள் நிறுத்துமிடத்தையும் ஒரு குளியலறையையும் கட்டாயமாக்கலாம். பழைய கட்டடங்களில் பூட்டி வைக்க ஒரு கம்பியாவது பொருத்தட்டும்.

- ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை