டிராயிங் சாரின் சம்பளமும் டெல்லியில் நிற்கும் பணமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பள்ளி வாசலில் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "டீச்சர், டெல்லியில பணத்தை நிறுத்திட்டாங்கன்னு டிவியில சொல்றாங்களே, அதனாலதான் டிராயிங் சார் லீவுல பெயின்ட் அடிக்கப் போனாரா?" மணி அடித்துவிட்டதால் அன்று பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் டெல்லிப் பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று ஒன்று 2018 முதல் நடக்கிறது. செலவில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஒன்றியப் பங்கு 2,152 கோடி ரூபாய். 2025 ஜூன் வரை அது வரவில்லை. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மாற்றும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதுதான் காரணம். அதில் கையெழுத்திட்டால், பள்ளியில் மூன்று மொழி படிக்கச் சொல்லும் 2020 தேசியக் கல்விக் கொள்கையை முழுவதுமாக ஏற்றதாக ஆகும். 2025 பிப்ரவரியில் வாரணாசியில் ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான், கொள்கையை ஏற்காதவரை இந்த நிதி கிடையாது என்ற பொருளில் பேசினார். பத்தாயிரம் கோடி தந்தாலும் கையெழுத்திட மாட்டேன் என்றார் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின்.

அமைச்சர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். மற்ற பல மாநிலங்கள் ஏற்றதைத் தமிழ்நாடு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கிறார். கொள்கை இந்தியைக் கட்டாயமாக்கவில்லை என்கிறார். 2024 மார்ச்சில் கையெழுத்திட விருப்பம் தெரிவித்து நம் தலைமைச் செயலாளரே கடிதம் எழுதினார் என்பதையும் காட்டுகிறார். அந்தக் கடிதம் எழுதப்பட்டது உண்மைதான்.

நான் அரசு ஊழியர். கட்சி அரசியல் பேச எனக்கு இடமில்லை, பேசவும் மாட்டேன். ஆனால் முப்பது வருஷமாக வகுப்பறையில் நிற்பவளாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரியவர்கள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் விவாதிக்கட்டும். அதுவரை பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைப்பது தவறு. இந்தத் திட்டத்தின் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை சிகிச்சை, ஆசிரியர் பயிற்சி, அப்புறம் ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியம். நம்மைப் போல நூறு பிள்ளைகளுக்கு மேல், 250க்குள் படிக்கும் பள்ளிக்கு அது 50,000 ரூபாய். சுண்ணாம்புக்கட்டி, குழாய் பழுது, கழிவறைச் சுத்தம் எல்லாம் அதில்தான். இதில் எந்த மொழிச் சண்டை இருக்கிறது? கையெழுத்திடவில்லை என்பதற்காக நிதியை நிறுத்துவது நியாயமில்லை என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழுவும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கல்வியை ஆராய ஒன்றிய அரசு அமைத்த கோத்தாரி குழு 1966இலேயே சொன்னது. அமைச்சர் ஏற்கச் சொல்கிற அதே 2020 கொள்கையும் அந்த 6 சதவீதத்தைத்தான் திரும்பச் சொல்கிறது. நாடு இன்னும் அதை எட்டவில்லை.

சரி, டிராயிங் சார் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு மே மாதம் சம்பளம் இல்லாததற்கும் டெல்லிக்கும் சம்பந்தம் இல்லை. அவர் பகுதிநேர ஆசிரியர். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை போன்றவற்றுக்காக 16,549 பேரை மாநிலம் முழுக்க நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பதின்மூன்று வருஷம் கழித்து, 2025இல் அது 12,500 ஆக இருந்தது. 2025 வரை மே மாதத்துக்குக் கிடையாது. ஓய்வூதியமும் கிடையாது. 2025இல் சுமார் 12,000 பேர்தான் மிச்சம். இவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்பது 2021 தேர்தலில் வென்ற தி.மு.க. தந்த 181ஆவது வாக்குறுதி. 12,500 ஆக உயர்த்தியதும் 10 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு அறிவித்ததும் அந்த ஆட்சியில்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2025 ஜூன் வரை நிரந்தரம் ஆகவில்லை. டெல்லியிடம் நியாயம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

என் சம்பளம் கருவூலத்திலிருந்து மாதக் கடைசியில் வந்துவிடுகிறது. ஒரே கட்டடத்தில், ஒரே பிள்ளைகளுக்கு, சுவர் முழுக்கக் குறளுக்குப் படம் வரைந்து கொடுத்த மனிதர் கோடையில் அடுத்த ஊரில் கடைப் பலகை எழுதுகிறார். அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சில பெற்றோர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். உங்கள் மனசுக்கு நன்றி, ஆனால் வேண்டாம். அவரும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து வாத்தியார் சம்பளம் போகக் கூடாது. அதற்குப் பதிலாக 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். நிறுத்திய நிதியை விடுவிக்க வேண்டும், பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரம் செய்ய வேண்டும் என்று இரண்டு தீர்மானங்களை உறுப்பினர்கள் கொண்டுவர இருக்கிறார்கள். ஏற்பதா, மாற்றுவதா, விடுவதா என்பது உங்கள் முடிவு. 2026இல் சட்டமன்றத் தேர்தல், எல்லாக் கட்சிக்காரர்களும் நம் தெருவுக்கு வருவார்கள். சம்பளக் கணக்கை அவர்களிடம் நேரில் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டிராயிங் சார் வழக்கம்போல திங்கள், செவ்வாய், புதன் காலையில் வருவார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வண்ணப் பென்சில் இல்லாவிட்டால் பரவாயில்லை, பள்ளியில் இரண்டு பெட்டி இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி
ஜூன் 2025