பழைய ஃபிளாட் வாங்குகிறவருக்கு மட்டும் ஏன் 9 சதவீதம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 24 வருஷமாக லேத் ஓட்டுகிறேன். போன மாதம்தான் வில்லிவாக்கத்தில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கினேன். 1997இல் கட்டிய கட்டடம். 540 சதுர அடி, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். விலை 38 லட்சம். எங்களுக்கு எட்டியது அதுதான், வாங்கிவிட்டோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பத்திரம் போடப் போன இடத்தில்தான் வயிறு கலங்கியது. ஆவண எழுத்தர் கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பி வைத்தார்: 3,42,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "வழிகாட்டி மதிப்புக்கு எழுதிக்கிட்டா நல்லா குறையும் சார், எல்லாரும் அப்படித்தானே" என்று குரலைத் தாழ்த்தினார். பதிவுக்காக அரசு இடத்துக்கு இடம் குறித்து வைத்திருக்கும் குறைந்தபட்ச விலைதான் வழிகாட்டி மதிப்பு. எனக்குக் கடன் கொடுத்த வங்கியிலோ, பத்திரத்தில் எழுதிய தொகையை வைத்துத்தான் கடன் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். எனவே முழு விலையையும் எழுதினோம். உண்மையைச் சொன்னதற்குக் கூலி கூடுதல் தீர்வை!

அதே மாதம் எங்கள் ஆபீசில் கணக்கு பார்க்கும் தம்பியும் ஆவடிப் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கினார். புத்தம் புதுசு. லிஃப்ட், கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. விலை 48 லட்சம். அவர் கட்டியது 2,88,000. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்ற வீடு என்பதால் ஜிஎஸ்டியும் இல்லை. என்னைவிட 10 லட்சம் கூடுதல் விலையில் வாங்கியவர், என்னைவிட 54,000 ரூபாய் குறைவாகக் கட்டியிருக்கிறார். முதலில் அவர் கணக்கில்தான் தப்பு என்று நினைத்தேன். தப்பு கணக்கில் இல்லை, விதியில்.

2023 டிசம்பர் 1 முதல், புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் அதே 2. அதற்கு முன்பு மனையில் வாங்குகிறவருக்கு வரும் பிரிபடாத பாகத்துக்கு மட்டும் கிரயப் பத்திரம் போட்டு, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் பதிவார்கள். இனி மொத்த விலைக்கும் ஒரே பத்திரம் என்றானதும் சுமை ஏறாமலிருக்க விகிதத்தைக் குறைத்தார்கள். அது நியாயம்தான். ஆனால் கைமாறி வரும் பழைய வீட்டை வாங்குகிறவர் அன்றைக்கும் மனை, கட்டடம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கட்டினார், இன்றைக்கும் அப்படியே 7 கட்டுகிறார். அவருக்கு ஏன் அந்த 4 கிடையாது? என் ஃபிளாட்டே எனக்கு முன்பு மூன்று பேர் கை மாறியிருக்கிறது. வில்லங்கச் சான்றில் வரிசையாக இருக்கிறது. ஒரே சுவருக்கு நான்காவது முறையாகத் தீர்வை.

தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 11 சதவீதமாக இருந்ததை 9 ஆக்கினோமே என்பார்கள் அரசுத் தரப்பில். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் இறக்கிவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிவிட்டு, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 100 ரூபாய் மதிப்பு 67 ஆக இருந்தபோது 11 சதவீதம் என்றால் 7 ரூபாய் 37 காசு. மறுபடி 100 ஆனபின் 9 சதவீதம் என்றால் 9 ரூபாய். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போடுகிறவருக்கு இது குறைந்ததா, கூடியதா?

பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்ததே என்று மனைவி பெயரில் விசாரித்தேன். சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம். சென்னையில் 10 லட்சத்துக்கு என்ன ஃபிளாட் கிடைக்கும்? மத்திய அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் வட்டி மானியம் உண்டு என்றார்கள். அதற்கு வீட்டு விலை 35 லட்சம், கடன் 25 லட்சம் தாண்டக் கூடாது. எனக்கு விலையும் தாண்டிவிட்டது, கடனும் தாண்டிவிட்டது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு வங்கி கடன் போடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் வீட்டு விலையில் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எனவே அது முழுக்கக் கைக்காசு. எங்கள் கட்டடத்துக்கு 28 வயது என்று வங்கி கொடுத்ததே 27 லட்சம். மீதி 11 லட்சத்துக்கு ஊரில் இருந்த பங்கும் பி.எஃப். பணமும் போய்விட்டன. அதற்கு மேல் இந்த 3,42,000. 3 லட்ச ரூபாய் ஏலச்சீட்டை மூன்றாம் மாதமே 75,000 தள்ளி எடுத்தேன். மிச்சத்துக்குக் கம்பெனியில் முன்பணம் வாங்கினேன்.

வீடு வாங்குகிறவர்களுக்குச் சலுகை என்று எதை அறிவித்தாலும் அது புதிய வீடு விற்பனைக்கே போய்ச் சேர்கிறது. நகரத்துக்குள் வேலைக்குப் பக்கத்தில் குடியிருக்க நினைக்கிற என் போன்றவர்களுக்கு எட்டுவதெல்லாம் இருபது, முப்பது வருஷப் பழைய ஃபிளாட்தான். 50 லட்சம் வரை 4 சதவீதம் என்பதை, முதல் வீடு வாங்குகிறவருக்கு மட்டுமாவது, பழைய வீடுகளுக்கும் பத்திரப்பதிவுத் துறை நீட்டிக்க வேண்டும். என் பணம் திரும்பாது, தெரியும். எங்கள் கட்டடத்தில் தரைத்தள வீடு விலைக்கு வந்திருக்கிறது. பார்க்க வந்த ஆட்டோக்காரர் ஒருவர் படியேறி வந்து, பதிவுச் செலவு எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அப்புறம் அவரைக் காணோம்.

இப்படிக்கு,
லேத் தொழிலாளி ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை.