மெடிக்கல் கார்டு இருந்தாலும் சொக்சோவை விட்டுவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலரிடம் இப்போது மருத்துவமனைச் செலவுக்குக் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி அட்டை, இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் கார்டு கைக்கு வந்ததும், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் சொக்சோவை, அதாவது மலேசியத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை, எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எது எதற்கு உதவும் என்று கம்பெனிகளும் விளக்குவதில்லை.

என் தம்பி மகன் காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்து கால் முறிந்தது. கார்டைக் காட்டித் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சையோடு கார்டின் வருட வரம்பு தீர்ந்துபோக, மீதியைக் குடும்பம் கடன் வாங்கிக் கட்டியது. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் சொக்சோவில் வேலை விபத்தாகவே கணக்கு. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் கம்பெனியில் அப்படி யாரும் அனுப்பவில்லை. பிறகு போலீஸ் புகார், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), மருத்துவ அறிக்கை என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைந்துதான் கோர முடிந்தது.

கார்டு மருத்துவமனை பில்லை மட்டும்தான் பார்க்கும். வீட்டில் அடுப்பு எரிவதற்கு அது ஒன்றும் செய்யாது. வேலை விபத்தில் எம்.சி. குறைந்தது நான்கு நாள் இருந்தால், அந்த நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காட்டைச் சொக்சோ தருகிறது. காலோ கையோ நிரந்தரமாகப் பழுதானால் மருத்துவ வாரியம் மதிப்பிட்டு இழப்பீடு உண்டு. உயிரே போனால் மனைவி மக்களுக்கு மாதப் பணம் வரும். வேலை விபத்துக்கான சிகிச்சையை அரசாங்க மருத்துவமனையிலோ சொக்சோவின் பட்டியலில் உள்ள பேனல் கிளினிக்கிலோ இலவசமாகப் பெறலாம். அப்படியிருக்க, கார்டின் வரம்பை அதில் ஏன் கரைக்க வேண்டும்? அதை வேறு நோய்க்கு வைத்துக்கொள்ளலாமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் படுத்தால் கார்டால் பயனில்லை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பல கம்பெனித் திட்டங்களில், அரசாங்க வார்டில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரொக்கம் கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் மிகக் குறைவு என்பதால் அந்தப் பணம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கை கொடுக்கும். டிஸ்சார்ஜ் கடிதத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. ஆனால் ஒரு காப்புறுதி பாதிதான் கொடுத்தது என்றால், அது கொடுத்த கடிதத்தையும் பில் நகலையும் வைத்து மீதியை மற்றதில் கேட்கலாம்.

நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் போய் டயாலிசிஸுக்கு வந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய. வேலையை விட்ட நாளோடு கம்பெனிக் கார்டும் போய்விடும். தகுதியுள்ள சந்தாதாரர்களுக்குச் சொக்சோவில் டயாலிசிஸ் உதவியும் இயலாமை ஓய்வூதியமும் இருக்கின்றன. வேலையை விடும் முன்பே சொக்சோ அலுவலகத்தில் போய் விசாரிப்பது நல்லது. ராஜினாமா கடிதம் கொடுத்தபிறகு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வேலையில் சேரும் அன்றே இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கும்படி முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தொழிற்சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்து, சொக்சோ அதிகாரி ஒருவரை அழைத்துப் பேச வைக்கலாம். வாசகர்களின் சொக்சோ கேள்விகளுக்கு அதிகாரிகளிடம் பதில் வாங்கி வாரம் ஒருமுறை உங்கள் நாளிதழ் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்