ஒரு லட்சம் குழந்தைகளில் 1,16,480 பேரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேரியா தடுப்பூசி பற்றிய உங்கள் கட்டுரையில், "ஒரு லட்சம் குழந்தைகளுக்குப் போட்டால் 1,16,480 பேருக்கு நோய் வராது" என்று ஒரு வரி. ஒரு லட்சம் குழந்தைகளில் மிச்சம் 16,480 பேர் எங்கிருந்து வந்தார்கள்? எழுதியவர், திருத்தியவர், பக்கம் கட்டியவர், ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை?

எண் சரி, "பேர்" என்ற சொல்தான் தப்பு. 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின் எண் அது. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை நான்கு தவணை போட்டால் 15 ஆண்டுகளில் எத்தனை முறை மலேரியாக் காய்ச்சல் தவிர்க்கப்படும் என்று நான்கு கணித மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டார்கள். மலேரியா அதிகமுள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் அது ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வரும். எனக்கே சின்ன வயதில் ஒரே வருஷத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை குளிர் ஏறியபோது, இருந்த போர்வையெல்லாம் போட்டும் நிற்காமல் அம்மா என் மேல் படுத்து அழுத்திக்கொண்டார், அப்படியும் கட்டில் ஆடியது. உங்கள் வரியில் நான் ஒரு ஆள், அம்மாவுக்கு அது மூன்று காய்ச்சல்.

அதே ஆய்வு 31,450 முதல் 1,60,410 வரை என்று வீச்சும் தருகிறது. தடுப்பூசியின் பாதுகாப்பு எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதை ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறது, இவ்வளவு இடைவெளிக்கு அதுவும் ஒரு காரணம். அதை வெட்டிவிட்டீர்கள். சரி, இடமில்லை என்பீர்கள். அதே ஒரு லட்சம் குழந்தைகளில் 484 மரணங்கள் தவிர்க்கப்படும் என்ற கணக்குக்குமா இடமில்லை?

கொரோனா சமயத்தில் இதே போன்ற மாதிரிகளை "கணினி ஜோசியம்" என்று தலைப்புப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் 2021-ல் உலக சுகாதார அமைப்பு இந்தத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தபோது, "பலன் 36 சதவீதம்தான்" என்றீர்கள். நான்கு தவணை போட்ட குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் காய்ச்சல் அவ்வளவு குறைந்தது என்று ஒரு வரி விளக்கியிருந்தால், என் தங்கை "அப்போ 64 குழந்தைக்கு வீண்தானே" என்று என்னிடம் கேட்டிருக்க மாட்டாள். உங்களை நம்பித்தான் அவள் படிக்கிறாள், நானும்தான்.

"1,16,480 பேருக்கு" என்பதை "1,16,480 முறை" என்று திருத்தி இரண்டு வரி போடுங்கள். முதல் பக்கம் வேண்டாம், கட்டுரை வந்த பக்கத்திலேயே போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்