முரளிக்கு: மூன்று பீரங்கி போதும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் மேசையும் புத்தகங்களும் கூடத்தில் குவிந்து கிடந்தன. இன்றுதான் உட்கார இடம் கிடைத்தது. அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு. டொரொன்டோவில் பனி அள்ளியே முதுகு பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். கோபித்துக்கொள்ளாதே.

சரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் உன் சனிக்கிழமைக் குழுவின் புது ஆட்டத்துக்கு வருகிறேன். 1984, சீன–வியட்நாம் எல்லை, ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரு சீனப் பீரங்கிக் குழு. யோசனை பிரமாதம். ஆனால் சீனாவிடம் இருந்த, லாரி இழுத்துப்போகும் இழுவைப் பீரங்கிகள் அத்தனைக்கும் எடை, தூரம், சேதப் புள்ளி என்று அட்டவணை போட்டுக் கேட்கிறாய். தரமாட்டேன். அட்டவணை நீண்டால் உன் ஆட்கள் எது பெரியது என்று பார்த்து அதையே கேட்பார்கள், பகடையை உருட்டுவார்கள், அவ்வளவுதான். மூன்று பீரங்கி போதும்.

முதலாவது டைப் 54-1. சோவியத்தின் 1938ஆம் ஆண்டு எம்-30 ஹவிட்சரை (ஷெல்லை, அதாவது குண்டை, உயர எறியும் பீரங்கி) பார்த்துச் செய்தது. குழலின் உள்விட்டம் 122 மி.மீ., எடை ஏறத்தாழ இரண்டரை டன், 11.8 கி.மீ. வரை எட்டும். குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் பிரேக் கிடையாது, மொழுக்கென்று இருக்கும். சீனாவின் ஜியேஃபாங் லாரியே இழுத்துக்கொண்டு போய்விடும். கிழட்டுப் பீரங்கிதான், ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாவது டைப் 59-1. 130 மி.மீ., நீளக் குழல், 27 கி.மீ. தூரம். சோவியத் எம்-46இன் வழி வந்தது, அதைவிட எடை குறைவு, அப்படியும் ஆறு டன்னுக்கு மேல். மூன்றாவது டைப் 66, 152 மி.மீ., சோவியத் டி-20இன் நகல். 17 கி.மீ. சொச்சம் எட்டும், ஷெல் ஒன்றே 43 கிலோவுக்கு மேல். மூன்று கால் விரித்து 360 பாகையும் சுழலுமே சோவியத்தின் டி-30, அதன் சீன நகலை மட்டும் உள்ளே விட்டுவிடாதே. அது இந்தக் கதைக்குப் பிந்தியது. உன் குழுவில் எவனாவது அதைக் கண்டுபிடித்து மானத்தை வாங்குவான்.

இடத்தைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய். லாவோஷான், யுன்னான் மாகாணத்தின் மாலிப்போ வட்டாரம். எல்லைக்கு அந்தப் பக்கம் வியட்நாமின் வி சுவேன். ஏப்ரல் 28 அன்று சீனா அந்த மலையைப் பிடித்தது, ஜூலை 12 அன்று வியட்நாம் திருப்பித் தாக்கிப் பெரும் இழப்பைச் சந்தித்தது. ஷெல் விழுந்து விழுந்து பாறை வெளுத்துப்போன அந்த இடத்தை ‘நூற்றாண்டின் சுண்ணாம்புக் காளவாய்’ என்று வியட்நாம் வீரர்கள் சொன்னார்கள். செங்குத்தான மலை, மழை, சேறு. இங்கேதான் கிழட்டு 54-1 ஜெயிக்கிறது. அதன் குழல் 63 பாகைக்கு மேல் நிமிரும், மலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் தலையில் ஷெல்லை இறக்கலாம். 59-1 நிமிர்வது 45 பாகைதான். எவ்வளவு தூரம் எட்டினால் என்ன, மறுசரிவில் இருப்பவனைத் தொடுவது கஷ்டம்.

பக்கவாட்டில் இரண்டுமே 60 பாகைக்குள்தான் திரும்பும். இலக்கு அதற்கு வெளியே போய்விட்டால் பின்னால் ஊன்றியிருக்கும் வால்கால்களைச் சேற்றிலிருந்து பிடுங்கி, பீரங்கியையே ஆள்பலத்தால் திருப்ப வேண்டும். எதிரி ஷெல் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்யச் சொல். அதைவிட நல்ல ஆட்டக் காட்சி உனக்கு வேண்டுமா?

குண்டு போடுவதையும் ஒரே பகடையில் முடித்துவிடாதே. 54-1இல் ஷெல் தனி, வெடிமருந்துக் கூடு தனி. கிட்டத்தில் இருக்கும் இலக்கு என்றால் பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் மருந்துப் பைகளில் சிலவற்றை எடுத்துவிட்டுத்தான் போடுவார்கள். ராத்திரி, மழை, தூக்கக் கலக்கம், பையை எண்ணும் ஒருவன் தவறினால் ஷெல் சொந்தக் காலாட்படை மேலேயே விழலாம். அந்தப் பொறுப்பை ஓர் ஆட்டக்காரனிடம் கொடு. ஷெல் எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்தம் சொல்ல இன்னொருவனை முன்னே மலையுச்சியில் ரேடியோவோடு உட்கார வை. கோணத்தை அளக்கச் சீனர்கள் வட்டத்தை 6000 மில்லாகப் பிரிப்பார்கள், நேட்டோவின் 6400 அல்ல. 1 கி.மீ. தூரத்தில் ஒரு மில் திருப்பினால் ஷெல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விலகும். பத்து கி.மீ. தள்ளி நூறு மீட்டர் இடப்பக்கம் போக வேண்டுமானால் பத்து மில் போதும். கால்குலேட்டரே வேண்டாம், மேசையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். 59-1 முழுத் தூரத்துக்குச் சுட்டால் ஷெல் போய் விழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நிமிடத்தை நிஜமாகவே கடிகாரத்தில் ஓட விடு, யாரும் பேசக் கூடாது.

கணக்கு என்றதும் இன்னொன்று. 59-1இன் ஷெல் 33.4 கிலோ. அறுபது ஷெல் என்றால் அதுவே இரண்டு டன், மருந்துக் கூடு சேர்க்காமல். அதை மலைப் பாதையில் ஏற்றுவது யார்? உன் ஆட்டத்தின் பாதி அந்த லாரியில்தான் இருக்கிறது. அப்புறம் ரேடார். பறந்து வரும் ஷெல்லை வைத்து அதைச் சுட்ட பீரங்கியின் இடத்தைக் கண்டுபிடிக்கும் சிம்பலின் ரேடார்களைச் சீனா பிரிட்டனிடம் வாங்கி அந்தப் போரில் பயன்படுத்தியது. எதிரியிடமும் எம்-46 உண்டு. இரண்டு பக்கமும் ஒரே வயிற்றில் பிறந்த பீரங்கிகள். சுட்ட இடத்திலேயே நிற்பவன் செத்தான்.

இனி கொஞ்சம் தயக்கத்தோடு ஒன்று. உன் மேசையில் வன்னியிலிருந்து வந்த ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தாய். இலங்கை ராணுவம் சீனாவிடம் வாங்கி வைத்திருந்த 122, 130, 152 மி.மீ. பீரங்கிகள் இதே வம்சம்தான். நமக்கு இது அட்டவணையில் ஒரு எண். அவர் பதுங்கு குழியில் இருந்து அதன் சத்தத்தைக் கேட்டவராக இருக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன்னால் தனியாகக் கூப்பிட்டு, எல்லோர் எதிரிலும் அல்ல, கேட்டுவிடு. வேண்டாம் என்றால் கதையை மாற்று. விளையாடுகிறேன் என்றால் ஷெல் சத்தத்தை ஸ்பீக்கரில் போடும் உன் யோசனையையாவது விட்டுவிடு.

ஒருவேளை கதை மாறினால், கையில் ஒன்று வைத்திருக்கிறேன். ஜெரால்ட் புல், கனடாக்காரர், உன் புது நாட்டவர். அவருடைய 155 மி.மீ., 45 காலிபர் (குழல் நீளம் அதன் உள்விட்டத்தைப் போல 45 மடங்கு) பீரங்கியின் நுட்பம்தான் 1980களில் சீனாவுக்குப் போய் டபிள்யூஏ021 என்ற பீரங்கி ஆயிற்று. 39 கி.மீ. எட்டுவது. 1990 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். செய்தவர் யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. பீரங்கியே சுடாமல் உளவாளிக் கதையாக நடத்தலாம். உன் ஆட்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலைப் பாதையும் மறுசரிவும் தெரிகிற மாதிரி வரைபடம் வரைந்து அனுப்பு, பீரங்கி எங்கே நிற்கலாம் என்று குறித்துத் தருகிறேன். பொங்கலுக்கு வருவதானால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ரவி