நிலச்சீட்டு இருபத்திரண்டு

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அம்மாவும் நலம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன் அழைப்பு வரவில்லை. உனக்கு அலுவலகத்தில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு ஏழு மணியானால் கைப்பேசியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். பிசான அறுவடை முடிந்தது. மேலவீட்டுப் பெரியப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. மற்றதை அவள் சொல்லுவாள்.

பெங்களூரில் நீ அந்தச் சீட்டுப் போட்டிக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். சித்தி மகன்தான் சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, பொங்கலுக்கு வந்திருந்தவனிடம் நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். சீட்டு என்ற சொல் காதில் விழுந்த பிறகு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அவன் தன்னிடமிருந்த 60 சீட்டுகளை ஊஞ்சல் பலகையில் பரப்பி, மேஜிக் தி கேதரிங் என்னும் அந்த ஆட்டத்தை ஒரு பகல் முழுவதும் எனக்குச் சொல்லித் தந்தான். இருவருக்கும் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, கையில் ஏழு சீட்டு, வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறம். நிலச்சீட்டை இறக்கினால்தான் மற்றச் சீட்டுகளுக்கு வேண்டிய வலு கிடைக்கும் என்பது வரை புரிந்துகொண்டேன். 1993இல் இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று அவன் சொன்னதும், பலகையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இத்தனை நல்ல விளையாட்டு இருப்பதைத் தன் மகன் வாயால் தெரிந்துகொள்ளக் கொடுத்துவைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இப்போதெல்லாம் போட்டிக்கு வருகிறவர்களில் பலர், எங்கோ வென்ற ஒருவருடைய பட்டியலைப் பார்த்து அப்படியே சீட்டுக்கட்டைச் சேர்த்துக்கொண்டு வருவார்களாம். நீ அப்படிச் செய்யாமல், பச்சையும் கறுப்புமாக, செத்த உயிர்களை இடுகாடு என்கிற கழிந்த சீட்டுக் குவியலிலிருந்து திரும்ப எழுப்புகிற ஒரு கட்டை ஆறு மாதமாக நீயே யோசித்துச் சேர்த்தாய் என்று கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. அம்மாவுக்கு இடுகாடு என்ற சொல்தான் பிடிக்கவில்லை. அதை நீ பொருட்படுத்த வேண்டாம். எட்டாம் வகுப்பில் நீ கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, நாளிதழில் வரும் நீர்மட்டப் பட்டியலைப் பார்த்து அணைகளுக்கு ட்ரம்ப் கார்டு செய்தாயே, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. உயரத்தைக் கேட்டால் சேர்வலாறு ஜெயிக்கும், கொள்ளளவைக் கேட்டால் மணிமுத்தாற்றிடம் தோற்கும் என்று ஆச்சிக்கு நீ விளக்கிக்கொண்டிருந்தாய். கடையில் வாங்கிய மல்யுத்த வீரர் சீட்டுகளோடு சேர்த்து அவற்றையும் நான் கிழித்துப் போட்டேன். எது வாங்கியது, எது நீ செய்தது என்று பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. சீட்டைத் தொடுகிறவன் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அன்று சொன்னேன். அதனால்தான் இப்போது நீ என்னிடம் சொல்லவில்லை என்பது தெரிந்தும், சொல்லியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. சித்தி மகனுக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு அப்பாவுக்குச் சொல்லத் தெரியாதா?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் ஐயா. ஒற்றைச் சீட்டே ஆயிரக்கணக்கில் விற்கிறது என்கிறார்கள். போட்டிக்கு அசல் சீட்டுதான் கொண்டுபோக வேண்டும், நகலை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னான். நீ சம்பாதிக்கிறாய், செலவழிக்கிறாய். அதை நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு நோட்டுப் போட்டு, வாங்கிய ஒவ்வொரு சீட்டுக்கும் தேதியும் விலையும் எழுதி வை. மாதக் கடைசியில் கூட்டிப் பார். கணக்கு எழுதி வைத்தால் போதும்.

உன் கட்டின் பட்டியலை அவன் எனக்குக் காண்பித்தான். 60 சீட்டில் நிலச்சீட்டு 22 வைத்திருக்கிறாய். நான் அதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 60 சீட்டிலிருந்து ஏழை எடுக்க 38,62,06,920 வழிகள் உள்ளன. நிலம் 22 இருந்தால், முதல் கையில் ஒரு நிலமோ அதுவும் இல்லாமலோ வந்து உட்காரும் வாய்ப்பு நூற்றுக்கு 19. நிலத்தை 24 ஆக்கினால் அது 14 ஆகக் குறைகிறது. உன் கட்டில் குறைந்த வலு கேட்கும் சீட்டுகளே அதிகம் என்பதால் நீ குறைத்து வைத்திருப்பாய். அது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஏழெட்டு ஆட்டம் ஆடவேண்டிய நாளில், ஐந்தில் ஒரு முறை கை கட்டிப்போடப்படும் என்றால் அதை யோசிக்க வேண்டும். 24 வை.

போட்டி நாளன்று நடந்ததையும் அவனே தொலைபேசியில் சொன்னான். முதல் இரண்டு சுற்றையும் நீ ஜெயித்தாய் என்றதும் நான் எழுந்து தெருவாசல் வரை போய் வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒரே அளவு வெற்றி பெற்றவர்களை எதிரெதிரே உட்காரவைப்பதுதான் முறை என்பதால், மூன்றாம் சுற்றில் உன்னிடம் ஜெயித்தவனும் அதுவரை தோற்காதவன். அவனிடம் தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு நிலம் உள்ள கையை நீ மாற்றாமல் வைத்துக்கொண்டாய் என்றான். மறுபடி ஏழு எடுத்து ஒன்றைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு ஆறு சீட்டோடு ஆடியிருக்கலாம். மீதி 53 சீட்டில் 21 நிலம். இரண்டு முறை இழுத்தும் ஒன்றுகூட வராமல் போக நூற்றுக்கு 36 வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கை உன்னால் மனத்திலேயே போட முடியும் என்பதை நான் அறிவேன். கணக்குத் தெரியாமல் அந்தக் கையை நீ வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த சீட்டு வந்துவிடும் என்ற நினைப்பில் வைத்துக்கொண்டாய்.

அந்த நினைப்பை எனக்குத் தெரியும். மேற்கொண்டு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இங்கே பேனாவை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உன் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் பணம் வைத்து ரம்மி ஆடினேன். சனிக்கிழமைகளில் வாத்தியார்கள் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் திருநெல்வேலியில் ஒரு மனமகிழ் மன்றத்துக்கு. காலையில் நிகழ்தகவு நடத்திவிட்டு மாலையில் அங்கே போய் உட்கார்ந்தேன். 1968இலேயே உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்று சொல்லியிருக்கிறது என்பதை அங்கே எல்லோரும் சொல்லிக்கொள்வோம். நானும் அதைச் சொல்லியே என் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கை மோசமாக இருந்தால் முதலிலேயே கவிழ்த்துவிட்டு 20 புள்ளியோடு தப்பிக்கலாம். நான் கவிழ்க்க மாட்டேன். அடுத்த சீட்டுக்குக் காத்திருந்து 80 கொடுப்பேன். எவ்வளவு போயிற்று என்று ஒரு நாளும் எழுதி வைத்ததில்லை. எழுதியிருந்தால் அடுத்த வாரம் போயிருக்க மாட்டேன் என்று தெரிந்தேதான் எழுதவில்லை.

2010இல் கலந்தாய்வுக்காக நாம் இருவரும் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். நீ கோயம்புத்தூர்க் கல்லூரியைக் காட்டினாய். இடமும் இருந்தது. அம்மா தனியாகிவிடுவாள், பக்கத்திலேயே எடுத்துக்கொள் என்றேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. விடுதிக்கும் படிப்புக்குமாக அம்மா மாதம் இரண்டாயிரம் கட்டி எடுத்த ஏலச்சீட்டுப் பணம் அறுபதாயிரம் அப்போது வீட்டில் இல்லை. சித்திரை, வைகாசி இரண்டு மாதத்தில் அதைத் தோற்றிருந்தேன். அம்மாவுக்குத் துணை என்பது நான் ரயிலில் யோசித்து வைத்துக்கொண்ட காரணம்.

அம்மாவிடம் வேறொன்று சொன்னேன். என்னோடு வேலை பார்த்த அறிவியல் வாத்தியார் கைமாற்றாக வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை என்று சொன்னேன். பாவம், அவர் என்னிடம் பத்து ரூபாய் கேட்டவரில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போகாததும், தெருவில் எதிர்ப்பட்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உனக்குத் தெரியும். ஏன் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். துஷ்டிக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் மட்டும் போய், அந்த வீட்டு முற்றத்தில், அவருடைய மகன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

நீ மூன்று வாரமாகப் பேசாமலிருப்பது போட்டியில் தோற்றதனாலா, பணத்தில் ஏதேனும் சிக்கலா, அல்லது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று சித்தி மகன் உன்னிடம் சொல்லிவிட்டானா என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். சிக்கல் என்றால் தொகையை மட்டும் எழுது. ஏன் என்று கேட்க மாட்டேன்; கேட்கும் தகுதி எனக்கு இல்லை. சிக்கல் இல்லையென்றால் என் பயத்தை உன் மேல் போட்டதற்காக என்னைப் பொறுத்துக்கொள். நான்காம் சுற்றும் தோற்றவுடன் பெயரை விலக்கிக்கொண்டு நீ வெளியே வந்துவிட்டாய் என்று கேட்டபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது, கடைசிச் சுற்று வரை ஆடியிருக்க வேண்டாமா என்று. பிறகுதான் தோன்றியது: தோற்ற இடத்திலிருந்து எழுந்து வர உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரிய ஐந்து வருடமாயிற்று.

அடுத்த போட்டிக்குப் போ. அதே கட்டோடு போ; பிறர் பட்டியலுக்கு மாறிவிடாதே. முந்தின நாள் இரவு சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படு. கணக்கு எழுதி வை.

இந்தக் கடிதத்தை அம்மா இன்னும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு, அவள் வந்தாலும் வராவிட்டாலும், அந்த வாத்தியார் வீட்டுக்குப் போய் அவருடைய மகனிடமும் சொல்லுவேன். அதற்குள் நீ அழைத்தால் அவளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். ஞாயிறு ஏழு மணிக்கு அழை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: 24 நிலம் வைத்தால் எந்த இரண்டு சீட்டை எடுப்பது என்று உனக்குத்தான் தெரியும். எடுத்த பிறகு புதுப் பட்டியலை எனக்கும் அனுப்பு.